சின்ன மாப்பிள்ளையின் தண்ணீர் டேங்க்

மெக்கானிக் மாப்பிள்ளை என்றால் அந்த வீட்டில் பல வருடமாக மூத்தவர் ஒருவர்தான். இரண்டாவது பெண்ணுக்கு வாய்த்தவனும் மெக்கானிக்காக வந்து தொலைத்ததிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல். இருவர் காரிலும் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் உண்டு. மேட்டில் அழுத்தி மிதித்தால் மூத்தவரின் இன்ஜின் சூடேறி டக் டக்கென்று தட்டும். சின்னவனோ, இன்ஜினுக்குள் போகும் காற்றில் தண்ணீரையும் ஸ்பிரிட்டையும் கலந்து பீய்ச்ச ஒரு சின்ன டேங்க் வைத்தான். அவன் வண்டியில் தட்டல் நின்றது.

“இன்ஜினுக்குள்ள தண்ணி ஊத்துறவனெல்லாம் மெக்கானிக்காம்” என்றார் மூத்தவர்.

“அந்த வண்டி நல்லாத்தானே ஓடுது” என்றாள் மனைவி.

அந்தச் சொல் அவரைக் குடைந்தது. வித்தையெல்லாம் ஸ்பிரிட்டில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினார். குடும்பமே மலைக்குக் கிளம்பிய காலையில், யாரும் பார்க்காதபோது அந்த டேங்கைக் காலி செய்து வெறும் தண்ணீரை நிரப்பினார். பாதி மலையில் சகலை திருதிருவென முழிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டுப் பின்னாலேயே ஓட்டினார். முன்னால் போன வண்டி அலுங்காமல் குலுங்காமல் ஏறியது. அவருடையதுதான் வழிநெடுகத் தட்டியது.

உச்சியில் சின்னவன் டேங்கைத் திறந்து மோந்து பார்த்தான். “ஸ்பிரிட்ட ஊத்த மறந்துட்டேன் போலண்ணே. சூட்ட அடக்குறது தண்ணிதான், அதான் தப்பிச்சேன். உங்க வண்டிக்கும் ஒண்ணு மாட்டித் தரட்டுமா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி தன் பையைத் தூக்கிக்கொண்டாள்.

“மாட்டுற வரைக்கும் நான் தங்கச்சி வண்டியில வர்றேன்.”