நூறு சொட்டு மருந்தும் பூங்கோதையின் கையும்

வீட்டில் வளர்த்த கோழி ஒன்று காலையில் செத்துக் கிடந்தால் நீங்கள் முதலில் எதைத் தேடுவீர்கள்? காரணத்தையா, பழி போட ஓர் ஆளையா? அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகக் குடியிருப்பின் பின்வரிசையில், பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்த குடும்பங்கள் ஆளைத்தான் தேடின. பூங்கோதை அகப்பட்டார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. தூத்துக்குடிக்காரர். கிரேன் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்த கணவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் போனார். கருணை அடிப்படையில் கிடைத்த வேலையில் பூங்கோதை இப்போது அலுவலகத்துக் கோப்புகளை மாடிக்கு மாடி சுமக்கிறார். தரைத்தளத்தில் வீடு. பின்பக்கம், சரக்குப் பெட்டிப் பலகையையும் கம்பிவலையையும் சேர்த்து அவரே அடித்த கோழிக்கூடு.

போன வருடம் பிப்ரவரியில் அந்த வரிசையின் கூடுகள் எல்லாம் பத்தே நாளில் காலியாயின. கோழிகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, சுருண்டு விழுந்தன. வெள்ளைக்கழிச்சல், ராணிகேத் என்றும் சொல்வார்கள். எதிர்வீட்டு வசுந்தராவின் கணவர் எங்கேயோ மலிவாகக் கிடைத்தது என்று தலை தொங்கிய சேவல் ஒன்றை வாங்கிவந்து அறுத்தார். இறகையும் குடலையும் பொதுக்குழாயடியில் போட்டார். எல்லார் வீட்டுக் கோழியும் மேய்கிற இடம் அது. ஐந்தாம் நாள் முதல் கோழி விழுந்தது.

அந்த இறகுகளை எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் நினைவில் வைத்துக்கொண்டது வேறு. அந்த மாதம் வசுந்தராவின் கோழியை அடைவைத்தது பூங்கோதை. புருசனைப் பறிகொடுத்தவள் கை. யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. நேரே சொன்னால் பதில் வருமே. அடைவைக்க அவரைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில் அவருடைய கருப்பி அடைக்கு உட்கார்ந்தது. பதினொரு முட்டை வைத்தார். கூடையில் இரும்பாணியும் கரித்துண்டும் வற்றல் மிளகாயும் போடுவது ஊர் வழக்கம். போடாவிட்டால் இடிச் சத்தத்தில் முட்டை கூழாகிவிடுமாம். பூங்கோதை போடவில்லை. "ஆணி குத்தி முட்ட உடையாம இருந்தாச் சரி" என்றார். கோடைப் புயல் மூன்று தடவை வந்து இடித்துவிட்டுப் போனது. எட்டாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து, கருக்கூடாத இரண்டை எடுத்துவிட்டார். மீதி ஒன்பதும் இருபத்தோராம் நாள் பொரிந்தன.

முதல் நாள் குஞ்சுகளுக்கு இரை வைக்கவில்லை. வயிற்றில் மஞ்சள்கரு மிச்சம் இருக்கிறது, பொறுக்கும். தாய்தான் பொறுக்காது. மூன்று வாரமாக எழுந்திருக்காமல் இளைத்துக் கிடந்தது. இரண்டு கையாலும் அதைத் தூக்கி, இறகுக்குள் குஞ்சு எதுவும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே வெளியே விட்டு இரையும் தண்ணீரும் காட்டினார். குஞ்சுகளுக்குத் தட்டையான மூடியில் தண்ணீர், அதற்குள் கூழாங்கல். இல்லாவிட்டால் விழுந்து விறைத்துப்போகும். மறுநாள் நொய்யரிசி. ஒரு குஞ்சுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, சேலை நுனியால் உலர்த்தித் தாயிடம் விட்டார். கருப்பி அவர் கையைக் கொத்தியது. "கொத்து, கொத்து. ஒன் பிள்ளதான" என்றார்.

ஐந்தாம் நாள் செய்தி வந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கோழிகள் கழுத்தை முறுக்குகின்றன.

பூங்கோதை அரைநாள் விடுப்பு எடுத்து, தடுப்பு மருந்து கேட்டுக் கால்நடை மருந்தகத்துக்குப் போனார். அங்கே ஊழியர் கௌசிக், வங்காளி, முப்பது வயது. ஒரு கண்ணாடிக் குப்பியை ஐஸ் டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"இதுல நூறு சொட்டு இருக்கு தீதி. கலந்துட்டா ரெண்டு மணி நேரந்தான் தாங்கும். ஒன்பது குஞ்சுக்குத் திறந்துட்டு மிச்சத்தக் கங்கையில ஊத்தவா? அம்பது கோழி சேருங்க. ஞாயித்துக்கிழமை காலையில நானே வர்றேன்."

ஒன்பது குஞ்சு பிழைக்க ஐம்பது கோழி வேண்டும். அந்த ஐம்பதும் அவரை ஒதுக்கிய வீடுகளில் இருந்தன. அன்று மாலை பூங்கோதை கதவு கதவாகத் தட்டினார். "பாக்கலாம்", "அவங்க வரட்டும், கேட்டுச் சொல்றேன்." கடைசியாக வசுந்தராவின் வாசல்.

"மருந்த யாரு விடுவா?" என்று கேட்டார் வசுந்தரா.

"நாந்தான்க்கா. அவரு கலந்து தருவாரு. அத்தன கோழிக்கும் அவரு ஒருத்தரே விட முடியாதுல்லா."

வசுந்தரா கதவின் தாழ்ப்பாளைத் தடவினார். "மருந்தக் குத்தம் சொல்லல கோதை. நம்ம மிருதுளா விடட்டுமே. புதுசாக் கல்யாணமாகி வந்த பொண்ணு. மத்தவங்களும் நம்பிக் கொண்டாருவாங்க."

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சண்டை போட்டிருப்பார்கள், போடவும் வேண்டும். பூங்கோதை நாளைக் கணக்குப் பார்த்தார். சண்டைக்கு அடுத்த மாதமும் இருக்கும். குஞ்சுகளுக்கு இந்த ஞாயிறுதான்.

"சரிக்கா. யாரு கையா இருந்தா என்ன, சொட்டு உள்ள போவணும்."

ஞாயிறு எட்டு மணிக்கு வாளியிலும் சிமென்ட் சாக்கிலும் கோழிகள் வந்தன. ஒருவர் மடிக்கணினிப் பையில் கொண்டுவந்தார். கௌசிக் மருந்தைக் கலந்தார். கோழிக்கு ஒரு சொட்டு, கண்ணில். வசுந்தராவின் மருமகள் மிருதுளா, நியூ டவுனில் மென்பொருள் வேலை, வாழ்நாளில் கோழியைத் தட்டில் மட்டுமே சந்தித்தவள், சொட்டுக்குழாயை வாங்கினாள். முதல் சொட்டு கொண்டையில் விழுந்தது. இரண்டாவது அவள் கைக்கடிகாரத்தில். ஒரு கோழி பறந்துபோய் கௌசிக்கின் ஸ்கூட்டரில் உட்கார்ந்தது.

"ஆன்ட்டி, இது கண்ண மூடிக்குது. நான் எங்க விடுறது?"

"கொஞ்சம் பொறும்மா, தொறக்கும்."

"எட்டரை ஆச்சு" என்றார் கௌசிக், யாரையும் பார்க்காமல்.

மிருதுளா சொட்டுக்குழாயைப் பூங்கோதையிடம் நீட்டினாள். "நீங்களே விடுங்க ஆன்ட்டி. பத்து சொட்டுல ரெண்டு கோழிக்குத்தான் போட்டிருக்கேன். ராசி இருந்து என்ன பண்ண, குறி இல்லையே."

"ஏய் மிருது" என்றார் வசுந்தரா, தாழ்ந்த குரலில்.

"மணி ஆகுது அத்தை."

பூங்கோதை தன் குஞ்சுகளிலிருந்து தொடங்கினார். தலையை இரண்டு விரலுக்கிடையில் பிடித்து, கண்ணில் ஒரு சொட்டு. குஞ்சு இமைத்து மருந்து உள்ளே இறங்கியதைப் பார்த்த பிறகே கீழே விட்டார். ஒன்பது முடிந்தது. இரண்டு குடும்பங்கள் தங்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு போயின. மற்றவர்கள் வசுந்தராவைப் பார்த்தார்கள். வசுந்தரா தரையைப் பார்த்தபடி தன் சிவப்புக் கோழியை முன்னே நீட்டினார். ஒன்பதே முக்காலுக்குள் ஐம்பத்தெட்டு கோழிகளுக்கு மருந்து விட்டாயிற்று.

மே மாதக் கடைசியில் நோய் ரயில் பாதையைத் தாண்டி வந்தது. திரும்பிப்போன அந்த இரண்டு வீடுகளிலும் பதினொரு கோழி செத்தன. மருந்து விட்டவற்றில் நாலைந்து இரண்டு நாள் உறங்கி விழுந்துவிட்டு எழுந்துகொண்டன. பூங்கோதையின் ஒன்பதில் ஒன்றை ஒரு மதியம் காக்கை தூக்கிப்போனது. அதற்கு மருந்து கிடையாது.

வசுந்தரா வந்தார். "ஒன் கை ராசியான கைடி கோதை."

"கையில ஒண்ணுமில்லக்கா. மருந்து ஐஸ்ல இருந்துச்சு, நேரத்துக்கு விட்டோம்."

வசுந்தரா சிரித்தார். அவர் காதில் அது ஏறவில்லை. நேற்றுவரை ஆகாத கை இன்றைக்கு ராசியான கை. இரண்டும் ஒரே பொய்தான். இனிப்புத் தடவியதால் பொய் மெய்யாகிவிடாது.

இப்போது ஐப்பசி. எட்டுக் குஞ்சுகளில் பெட்டைகள் முட்டையிடத் தொடங்கிவிட்டன. அடைவைக்க ஐந்து வீட்டில் பூங்கோதையைக் கூப்பிடுகிறார்கள். வரும் ஞாயிறு மிருதுளாவுக்கு வளைகாப்பு. பின்வரிசை முழுக்க வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள், ஒரு வாசலைத் தவிர. மிருதுளா கேட்டிருக்கிறாள், ஆன்ட்டியை ஏன் கூப்பிடவில்லை என்று. "கோழி வேற, பிள்ள வேற" என்று பதில் வந்ததாம்.

பூங்கோதை என்னிடம் இதைச் சொல்லிவிட்டுக் கூட்டுக்குத் தண்ணீர் மாற்றப் போய்விட்டார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, இருக்கவும் வேண்டாம். உங்கள் தெருவிலும் நீங்கள் தாண்டிப் போகிற ஒரு வாசல் இருக்கும். அடுத்த விசேஷத்துக்கு அழைக்கக் கிளம்பும்போது அந்த வாசலில் முதலில் ஏறுங்கள். உள்ளே போய் உட்கார்ந்து அழையுங்கள். அவர் வந்ததும் ஓரத்தில் நிற்க விடாதீர்கள். முதல் வளையலை அவர் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.