கிணற்றை மூட வந்த லாரி

ஆம்பூரில் எங்கள் வீட்டுப் பின்புறக் கிணற்றை மூடிவிடுவது என்று அப்பா முடிவெடுத்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். ஒரு காலத்தில் தெருவே வந்து குடிக்கத் தண்ணீர் சேந்திய கிணறாம் அது. எனக்கு விவரம் தெரிந்தபோது சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீர்தான் இருந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு பூமிக்குள் இறங்கிவிட்டதென்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். அப்பாவும் அப்படியொரு தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோல்களை உதறி, உப்பை நீக்குகிற வேலை.

"அங்கயும் உப்பு, ஊட்டுக்கு வந்தாலும் உப்பு. பேஜாரா கீது. மூடிட்டு ஒரு ரூம் கட்டிக்கலாம்" என்றார்.

என் கவலை வேறு. கிணற்றுக்குள் ஓர் ஆமை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மண் லாரி வாசலில் வந்து நின்றது. அதற்கு முந்தைய வாரம் முழுக்க மழை. பாலாற்றில் தண்ணீர் வந்திருந்தது. எங்கள் கிணற்றிலும் நான்கு படி ஏறியிருந்தது. நான் ஓடிப்போய் ஒரு வாளி சேந்திக் கையால் அள்ளிக் குடித்தேன். பழையபடி உப்புதான் கரித்தது.

"அப்பா, தண்ணி இனிக்குதுப்பா!" என்று கத்தினேன்.

அப்பா நம்பாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு சொம்பு மொண்டு முகம் மாறாமல் பாதிவரை குடித்தாள்.

"ஆமாங்க. முன்ன மாதிரி இல்ல."

அப்பா சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்தார். கிணற்றுக்குள் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலுக்குப் போய், "இன்னா பண்றது, நல்ல தண்ணி வந்துட்ச்சி. மண்ண வேற எங்கனா கொட்டிக்கோப்பா" என்று டிரைவரை அனுப்பிவிட்டார்.

அந்தக் கோடையில் பக்கத்து வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அவரே தூர் வாரினார். மாடியில் விழும் மழைநீரைக் குழாய் போட்டுக் கிணற்றுக்குள் விட்டார். ஆறு இன்னும் இரண்டு முறை ஓடியது. நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் அம்மா அந்தத் தண்ணீரில் சோறு வடித்தாள்.

ஓர் ஆமைக்காக வீட்டையே ஏமாற்றிவிட்ட குற்ற உணர்ச்சி எனக்கு. அன்றைக்குக் கிணற்றடியில் நின்ற மூன்று பேரில் பொய் சொன்னது நான் மட்டும்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.