குளத்தின் ஆழம் பார்த்த ஃபெலிசியா

பாக்கார் ஆராங்கில் குடியிருக்கும் ஃபெலிசியா கல்யாணத்துக்கு முன்பிருந்தே எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை பார்த்தவள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மயிரிழை மாதிரி கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. போன வருஷம் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த குணசுந்தரியும் அவளும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார்கள்.

வீட்டில் சும்மா இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், அதன் பின்னால் ஒரு தூண்டில் கம்பு கிடைத்தது. கணவன் டெனிஸுக்குக் கம்பெனி விருந்தில் குலுக்கலில் விழுந்தது, பிரிக்கக்கூட இல்லை. அன்று மாலையே அதைத் தூக்கிக்கொண்டு தூண்டில் சாமான் விற்கும் ரவிச்சந்திரன் கடைக்குப் போனாள்.

"எதுக்கு எது மாட்டணும்னே எனக்குத் தெரியாது தம்பி."

அவன் மிதவை, ஈயக்குண்டு, முள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தான். "சுலபம்லா அக்கா. முதல்ல நூல்ல இந்த ரப்பர் மணிய கோருங்க, அதுக்குக் கீழ மிதவை, அது மணி வரைக்கும்தான் ஏறும். அப்புறம் ஈயம், கடைசியா முள். தண்ணியில போட்டதும் மிதவை படுத்துக்கிச்சுன்னா ஈயம் தரையில கெடக்குதுன்னு அர்த்தம். நேரா நின்னுச்சுன்னா கீழ இன்னும் ஆழம் இருக்கு. மணிய மேல தள்ளிட்டு மறுபடி போடுங்க. அவ்வளவுதான்."

சனிக்கிழமை காலை குணசுந்தரியையும் காரில் ஏற்றிக்கொண்டு சுங்கை லாலாங் பக்கம் போனாள். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, சாலையை ஒட்டி ஒரு குளம். ரோடு போட மண் எடுத்த பள்ளம் என்பார்கள். ஃபேக்டரி பஸ் அந்த வழியாகத்தான் போகும்; ஜன்னலில் எத்தனையோ வருஷம் பார்த்த குளம்.

"இதுல என்னடி இருக்கப்போவுது? முட்டி அளவுதான் தண்ணி," என்றாள் குணசுந்தரி. குடையை விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள்.

முள்ளைக் கட்டுவது ஃபெலிசியாவுக்குப் பெரிய வேலையாகவே இல்லை. கண்ணும் விரலும் பழகிய காரியம். முட்டி அளவுக்கு மணியை வைத்து, கரையோரமாகவே போட்டாள். மிதவை நேராக நின்றது.

இழுத்து, இடுப்பளவுக்குத் தள்ளினாள். நின்றது. தலைக்கு மேல் கையை உயர்த்தும் அளவுக்குத் தள்ளிப் போட்டாள். அப்போதும் சிவப்பு நுனியை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

"ஈயம் கழண்டு விழுந்திருக்கும்டி, பாரு."

ஈயம் அப்படியேதான் இருந்தது. மணி கம்பு நீளத்தையும் தாண்டிப் போயிற்று. ஒவ்வொரு முறையும் ஈயம் இறங்கும்போது நூல் தண்ணீருக்குள் சரசரவென்று ஓடுவதை ஃபெலிசியா பார்த்துக்கொண்டிருந்தாள். நின்ற இடத்திலிருந்து ஓர் எட்டு தூரத்தில், அவள் வீட்டு மாடியைவிட உயரமான ஒன்று தலைகீழாக இறங்கிப்போகிறது. இத்தனை நாள் அதன் ஓரமாகத் தூங்கி வழிந்தபடி பஸ்ஸில் போயிருக்கிறாள்.

கடைசியில் மிதவை மெதுவாகச் சாய்ந்து படுத்தது. குணசுந்தரி காலைத் தண்ணீரிலிருந்து எடுத்து மேலே வைத்துக்கொண்டாள்.

ஃபெலிசியா மணியைக் கொஞ்சம் கீழே இறக்கி, ரொட்டியைப் பிசைந்து முள்ளில் குத்திப் போட்டாள். வெயில் ஏறியது. செம்பனை மட்டைகளின் சலசலப்பு மட்டும் கேட்டது. மிதவை ஒரு தடவை நடுங்கியது, கொஞ்ச தூரம் நகர்ந்தது, பிறகு அவசரமே இல்லாமல் உள்ளே இறங்கியது. பச்சைத் தண்ணீரில் அந்தச் சிவப்பு நுனி மங்கி மங்கி மறைவதையே பார்த்து நின்றாள் ஃபெலிசியா.

"இழுடி," என்றாள் குணசுந்தரி, குரலை அடக்கி.

இழுத்தாள். கம்பு வில்லாக வளைந்தது. ஒரு முரட்டுக் கனம் சுற்றிச் சுற்றி மேலே வந்தது. காலோய் மீன், தாம்பாளம் அகலம். கரையோரம் வந்து பக்கவாட்டில் சாய்ந்தது. செதில் ஒவ்வொன்றும் ஐம்பது சென் காசு போல மின்னியது. வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, 'பக்'கென்று ஒரு வாய் காற்றை விழுங்கியது. ஃபெலிசியாவின் கை தளர்ந்தது. அந்த ஒரு நொடியில் முள் நழுவியது. மீன் பாயவில்லை. வாலை ஒருமுறை அசைத்துவிட்டு, நிதானமாகக் கீழே போயிற்று.

போனை எடுத்துப் படம் பிடிக்க இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"எவ்வளவு பெருசு?" என்று இரவு சாப்பாட்டில் டெனிஸ் கேட்டான்.

"பெருசுதான். ஆனா விஷயம் அது இல்லங்க. மேல வந்து நம்மள மாதிரி மூச்சு வாங்கிட்டுப் போச்சு."

"மீனா?"

"மீனுதான்."

அவன் சிரிக்கவில்லை. சாம்பாரை ஊற்றிக்கொண்டு, "அடுத்த சனிக்கிழம எனக்கு வேல இல்ல. நானும் வரேன்," என்றான்.

மூன்று பேரும் போனார்கள். காலோய் வரவில்லை. ஃபெலிசியா கையகல லம்பாம் மீன் ஒன்றைப் பிடித்தாள், பொரித்துச் சாப்பிட்டார்கள். இப்போதெல்லாம் புதிதாக ஒரு குளத்துக்குப் போனால் அவள் முதலில் முள்ளில் ரொட்டி வைப்பதில்லை. வெறும் ஈயத்தை இறக்கி, மணியை மேலே தள்ளித் தள்ளி, அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கிறாள். குணசுந்தரி பக்கத்தில் குடை பிடித்து நிற்கிறாள்.