கடல் காத்துக்குப் பட்டுச் சட்டை

வேன் டூர் தொழில்ல டயர் போச்சுன்னா மாத்தறதுக்கு ஸ்டெப்னி இருக்குது. பயணி பெட்டியில தப்பான துணி இருந்தா அதுக்கு ஸ்டெப்னி கிடையாது.

காஞ்சிபுரத்துல நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினாறு வருஷம் ஆவுது. ஊர்ல என்னை மேனேஜரம்மான்னுதான் கூப்பிடுவாங்க. வாந்தி எடுத்தவங்களை சமாளிச்சிருக்கேன், காணாமப் போனவங்களைத் தேடிப் புடிச்சிருக்கேன், சண்டை போட்டுக்கினு பாதி வழியில எறங்கினவங்களை சமாதானம் பண்ணி ஏத்தியிருக்கேன். ஆனா "அந்த ஊர்ல குளிரே இருக்காதும்மா"ன்னு யாராவது சொன்னா இப்பவும் எனக்கு பயம்தான், மொதல்ல என் ஸ்வெட்டரைத்தான் எடுத்து வெப்பேன். என்னை மாதிரி நாலு பேரை ஊர் கூட்டிக்கினு போய் அவதிப்படுற ஜனங்களே, போன ஜனவரியில நான் பட்ட பாட்டைக் கேளுங்க.

பெட்டி சோதனை

தாமோதரண்ணன் பட்டு நெய்யிறவரு. பொண்ணு சுமதிக்கு விசாகப்பட்டினத்துல மாப்பிள்ளை அமைஞ்சிருந்தது. நிச்சயதார்த்தமும் அங்கதான், கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஓட்டல் புல்வெளியில. அண்ணனுக்கு வீசிங் உண்டு. சில்லுன்னு காத்து பட்டா நெஞ்சு இழுக்க ஆரம்பிச்சிடும். இதுக்கு முன்ன பேசின இடத்துல, பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு அவரு இருமின இருமலைப் பார்த்துட்டு, என்னமோ பெரிய வியாதியை மறைக்கிறாங்கன்னு எழுந்து போயிட்டாங்க. அதனால அவரு சம்சாரம் சரோஜாக்கா என் கையைப் புடிச்சிக்கினு அழுதாங்க. சம்பந்தி வீட்டுக்கு இன்னும் விஷயம் சொல்லல, அந்த ஒரு காலையில மட்டும் அவருக்கு இழுக்காம பார்த்துக்கோம்மான்னு கெஞ்சுனாங்க.

சரின்னு ரெண்டு நாள் முன்னாடியே வீட்டுக்குப் போய் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். பதினாலு பேரு, பதினாலு பெட்டி, எல்லாத்துலயும் பட்டு. ஒரு ஸ்வெட்டர் இல்ல, ஒரு சால்வை இல்ல. சுமதி போனை நீட்டி, "கிளைமேட் செம மைல்டுக்கா, ஃபேன் போட்டாலே போதும்"னா. அது மத்தியானத்துக் கணக்கும்மா, விடியக்காலை கடல் காத்து வேறன்னேன். தாமோதரண்ணன் சிரிச்சாரு. பட்டு குளிருக்குக் கதகதப்பு, வெயிலுக்குக் குளுமை, நெய்யிறவனுக்குத் தெரியாதான்னாரு. மழைக்காலத்துல ஈரம் ஏறி தறியில பூட்டின பாவு நூல் ஒட்டிக்கும்னு தறியை இழுத்துப் போத்தி வெக்கிற மனுஷன், சொந்த நெஞ்சைப் போத்த மாட்டேங்கிறாரு! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. சரோஜாக்காவாவது சொல்லுவாங்கன்னு திரும்பிப் பார்த்தா, அவங்க சொன்னது இது: "காஞ்சிபுரத்துலேர்ந்து போறவங்க ஸ்வெட்டரோட எறங்குனா, நம்ம ஊர் பட்டுக்கு என்னம்மா மருவாதி?"

ஏசி பட்டன்

மத்தியானம் கிளம்புனோம். நெல்லூர் தாண்டுறதுக்குள்ள வேன் ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுச்சு. பின் சீட்டு பெண்டுங்க, புழுங்குது, ஏசியை நல்லா வைங்கன்னு கத்துறாங்க. முன் சீட்டுல அண்ணன் தலைக்கு நேரா காத்து கொட்டுது. நான் அந்த ஓட்டையில செய்தித்தாளைத் திணிச்சி அடைச்சேன். அது பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் புட்டுக்கினு அவர் மடியிலயே விழுது. சரோஜாக்கா அவரு மூச்சு விடுற சத்தத்தையே கேட்டுக்கினு வந்தாங்க, நானும்தான்.

டிரைவர் ஏழுமலை நல்ல பொறுமைசாலி. அவனே கடைசியில வண்டியை ஓரம் கட்டிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்: "அக்கா, அவங்களுக்குக் காத்து வேணுமாம், இவருக்கு மூச்சு வேணுமாம். நான் எந்த பட்டனை அமுக்கட்டும், நீயே சொல்லு."

சூரியன் பார்க்கக் கூப்பிட்டாங்க

கசங்கின துணியோட சம்பந்தி முன்னாடி எறங்கக் கூடாதுன்னு, விடியறதுக்குள்ள அனகாபள்ளிகிட்ட ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தி எல்லாரும் பட்டுக்கு மாறிட்டாங்க. விசாகப்பட்டினம் வந்து எறங்குனா, மாப்பிள்ளையோட அப்பா வெங்கட்ராவ் குடும்பத்தோட வாசல்ல நிக்கிறாரு. சென்னையில ரொம்ப வருஷம் வேலை பார்த்தவரு, தமிழ் நல்லா பேசுவாரு. அவங்க வீட்டுலயும் ஆம்பளை பொம்பளை எல்லாரும் பட்டு. வாங்க, சூரியன் கடல்லேர்ந்து வர்றதைப் பார்த்துட்டு அப்புறம் காபி குடிக்கலாம்னு மணலுக்குக் கூட்டிக்கினு போயிட்டாரு. வேண்டாம்னு யாரு சொல்றது?

காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து. முந்தானை எல்லாம் எழும்பி மூஞ்சியில அடிக்குது. ஒருத்தர் பல்லு கிடுகிடுங்குது, ஆனா வாயைத் திறந்து குளிருதுன்னு ஒருத்தரும் சொல்லல. நான் அண்ணன் பக்கத்துல போய் நின்னேன். சிரிச்சிக்கினுதான் இருந்தாரு. ஆனா உள்ளேர்ந்து விசில் மாதிரி சன்னமா ஒரு சத்தம். உதடு கறுத்துக்கினு வருது. "இன்ஹேலரை எடுங்கண்ணே"ன்னேன். அவரு நெஞ்சைத் தடவினாரு. அங்க ஒண்ணும் இல்ல. ரெண்டு ரெண்டு வார்த்தையா சொன்னாரு: "பழைய சட்டையில... வேன்ல இருக்குது. பட்டுச் சட்டைக்கு பாக்கெட் வெச்சா மடிப்பு கெட்டுடும்னு... டெய்லர் வெக்கலம்மா."

வேனைத் தேடி

என் ஸ்வெட்டரைக் கழட்டி அவரு தோள்ல போட்டேன். லேடீஸ் ஸ்வெட்டர், ரோஸ் கலரு, பூப்போட்ட பட்டன். வேணாம்னு தள்ளுனாரு. "போட்டுக்கினாதான் ஆச்சு"ன்னு அதட்டிட்டு ஏழுமலைக்கு போன் போட்டேன். ரிங் போவுது, எடுக்கல. ராத்திரி முழுக்க ஓட்டினவன், வேனை எங்கயோ தள்ளி நிறுத்திட்டு தூங்கிட்டான். ஓடினேன். நாப்பத்தெட்டு வயசுல, செருப்பைக் கையில புடிச்சிக்கினு, தெரியாத ஊர் ரோட்டுல, வெள்ளை வேன் ஒவ்வொண்ணா எட்டிப் பார்த்துக்கினு ஓடினேன்.

கிடைச்சதும் கண்ணாடியைத் தட்டின தட்டுல அவன் அலறி எழுந்தான். ரெண்டு பேருமா பெட்டிங்களைக் கவுத்தோம். சேலை, அங்கவஸ்திரம், மறுபடியும் சேலை. ஏழுமலை அழாத குறையா சொன்னான்: "எல்லாப் பெட்டியிலயும் பட்டுதான்க்கா இருக்குது, மனுஷன் போடற மாதிரி ஒரு சட்டை இல்ல!"

சுமதி வாயைத் திறந்தது

கடைசியில சீட்டுக்கு அடியில, மாத்தின துணிங்களைத் திணிச்சிருந்த ஒரு கேரி பேக்ல பழைய சட்டை கிடைச்சுது, இன்ஹேலரும் அதுலயே இருந்தது. மணலுக்குத் திரும்பி ஓடி வந்தா, அண்ணன் உட்கார்ந்துட்டாரு. சுத்தி ரெண்டு குடும்பமும் நிக்குது. சரோஜாக்கா, பயணக் களைப்பு, ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு திருப்பித் திருப்பி சொல்லிக்கினு இருக்காங்க. சுமதி இன்ஹேலரை என் கையிலேர்ந்து பிடுங்கி அப்பா வாயில வெச்சி அமுக்கினா. அப்புறம் வெங்கட்ராவைப் பார்த்து நேருக்கு நேரா, "எங்கப்பாவுக்கு வீசிங் மாமா. நாங்க மறைச்சிட்டோம். உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க, நாங்க வேன் ஏறிடறோம்"னா. குரல் உடைஞ்சிடுச்சு, ஆனா தலையைக் குனியல.

வெங்கட்ராவ் சட்டுன்னு திரும்பி ஓட்டல் பக்கம் நடந்துட்டாரு. அவரு சம்சாரமும் பின்னாடியே போயிட்டாங்க. முடிஞ்சுது கதைன்னு நெனைச்சேன். சரோஜாக்கா முந்தானையை வாயில வெச்சி அடைச்சிக்கினாங்க. மாப்பிள்ளை மட்டும் போகாம அண்ணன் முதுகைத் தடவிக்கினு மணல்லயே உட்கார்ந்திருந்தாரு. அண்ணன் மூச்சு கொஞ்சம் கொஞ்சமா சீராச்சு. நான் ஓட்டல் பக்கமே பார்த்துக்கினு நின்னேன்.

பத்து நிமிஷம் இருக்கும். வெங்கட்ராவ் திரும்பி வர்றாரு. தலையில மங்கி குல்லா, பட்டுச் சட்டைக்கு மேல தடிமனா ஒரு கம்பளி. கையில ஃபிளாஸ்க். அண்ணனுக்கு வெந்நீர் ஊத்திக் கொடுத்துட்டு, நெஜமாவே கோபமா கேட்டாரு: "மூச்சு இழுக்கறவரை இந்தக் காத்துல நிக்க வெச்சிட்டேனே, முன்னாடியே சொல்லக் கூடாதா? எல்லாத்தையும் உள் ஹாலுக்கு மாத்தச் சொல்லிட்டேன், வாங்க. காஞ்சிபுரத்துக்காரங்க பட்டோட நிக்கிறீங்களேன்னு, மரியாதைக்கு நாங்களும் அரை மணி நேரமா நடுங்கிட்டு நிக்கிறோம்!"

போட்டோ

தட்டு மாத்தினாங்க. அந்த ஹால்ல பாதிப் பேரு பட்டுக்கு மேல ஓட்டல் போர்வையைப் போத்திக்கினு உட்கார்ந்திருந்தாங்க. அண்ணன் என் ரோஸ் கலர் ஸ்வெட்டரோடதான் தட்டைத் தூக்கினாரு. பக்கத்துல சுமதி, அவரே நெய்த அரக்கு கலர் சேலையில. போட்டோகிராபர் கேமராவைக் கீழே எறக்கிட்டு, "சார், அந்த ஸ்வெட்டரைக் கழட்டிடுங்க, பட்டுச் சட்டை தெரியல"ன்னாரு. சரோஜாக்கா கைகூட பழக்க தோஷத்துல அந்த பட்டனுக்குப் போச்சு. அண்ணன் அந்தக் கையை மெல்ல புடிச்சிக்கினாரு. கேமராவைப் பார்த்து அவரு சொன்னதைக் கேட்டு நான் பந்திப் பக்கம் போய் மூஞ்சியைத் துடைச்சிக்கினு வந்தேன்: "பட்டு என் பொண்ணு மேல தெரியுது இல்ல, அது போதும் தம்பி. நான் மூச்சு வுட்டுக்கினு இருக்கற மாதிரி எடு."

ஊரோட தட்பவெப்பத்தை போன் சொல்லிடுது, சம்பந்தி வீட்டோட தட்பவெப்பத்துக்கு எந்தத் துணியைப் பெட்டியில வெக்கிறதுன்னுதான் பதினாறு வருஷமாகியும் இந்த மேனேஜரம்மாவுக்கு விளங்கல.