அப்பாதுரை பார்க்காத தீபம்

கார்த்திகை தீபத்தன்று ஊரே மலையை அண்ணாந்து பார்க்கும். அப்பாதுரை மட்டும் லாக்கப் சுவரைப் பார்ப்பான். பழைய ஜேப்படிக்காரன். கூட்டம் சேருமுன் கேடிகளை அள்ளிக்கொண்டு போய் உட்கார வைப்பது போலீஸ் வழக்கம். அவன் தொழிலை விட்டு, சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை.

1962-ல் கொட்டகை மேனேஜர் நசீருதீன் ஸ்டேஷனுக்கே போய், "இந்த வருஷம் அவன் என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"ஒரு புகார் வந்தாலும் நானே இழுத்துட்டுப் போயி உள்ள தள்ளுவேன், தெரிஞ்சிக்க," என்று அப்பாதுரையிடமும் சொன்னார்.

"வராது பாய்."

கல்யாணமாகி முதல் தடவையாகப் புருஷனோடு தீபம் பார்க்கப் போவதாக அவன் மனைவி எல்லம்மாள் தெருவெல்லாம் சொன்னாள். தெரு சிரித்தது.

தீபத்தன்று பகல் காட்சி. திருந்திய திருடன் ஒருவனின் கதை. திரையில் அவன் தாயின் காலில் விழுந்து கதறியதும் பெண்கள் பக்கம் மூக்கைச் சிந்தியது. அதே பெண்கள், டார்ச்சோடு அப்பாதுரை கடந்து போனபோது முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டார்கள்.

இடைவேளை விளக்கு எரிந்தது. "ஐயோ, என் செயினு!" என்று அலறினாள் பாத்திரக்கடை ராணியம்மாள்.

"கேடிய வேலைக்கு வெச்சா வேற என்ன ஆவும்?" என்றது ஒரு குரல்.

கதவருகே நெருக்கிய கூட்டத்தில் ஒருவன் துண்டைத் தோளில் போடாமல் கையின்மேல் மடித்துப் போட்டிருந்தான். அப்பாதுரைக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்க வேண்டும். வேறு யாரானாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவன் விரல்களுக்குப் பழக்கம் வேறு. துண்டுக்கு அடியில் போய்ச் செயினை எடுத்துக்கொண்டு வந்துவிட்டன.

"இந்தாங்கம்மா, கெடச்சிடுச்சி!" என்று கையை உயர்த்தினான். துண்டுக்காரன் அதற்குள் கதவைத் தாண்டியிருந்தான்.

"கெடைக்காம எங்கடா போவும்? உன் கையிலதான இருக்குது!"

முதல் அறை ராணியம்மாளுடையது. மற்றவர்கள் வரிசையில் நிற்கவில்லை.

"பாய், எடுத்தவன்கிட்டேர்ந்துதான் நான் எடுத்தேன்!"

"எடுத்தேன்னு நீயே சொல்றியேடா! என் பேரையும் சேத்துக் கெடுத்தியே," என்று நசீருதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓசியில் படம் பார்த்துக்கொண்டிருந்த ஏட்டு சம்பந்தமூர்த்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து அவன் காலரைப் பிடித்தார்.

மலையுச்சியில் தீபம் எரிந்தபோது ஊர் "அரோகரா" என்று முழங்கியது. லாக்கப்புக்குள் சத்தம் மட்டும்தான் வந்தது. எல்லம்மாள் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நின்றாள்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்த ஏட்டு, கம்பியருகே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உன்னால பாதியில எழுந்து வந்துட்டேன்டா. கடைசியில என்னாவுது? அந்தத் திருடன மன்னிச்சி வுட்டுடறாங்களா?"

அப்பாதுரை வீங்கிய உதட்டைத் துடைத்தான்.

"டிக்கெட் வாங்கிப் பாருங்க, ஏட்டய்யா."