காம்பில்லாத குடை

தெருவில் அவளுக்கு மிளகாய் என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தத் தைரியம் யாருக்கும் இல்லை. உடைந்த பீங்கானை ஒட்டிக் கொடுப்பது அவள் தொழில். வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒட்டிய சாமானை அசையாமல் நிறுத்த மணல் நிரப்பிய தட்டு, பசை, பஞ்சு, பல்குத்தும் குச்சி, நாலைந்து தூரிகை. அந்த அறையில் யாராவது தும்மினால்கூட அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு பழம்பொருள் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். "மங்கின இடத்துலல்லாம் புதுசா வரைஞ்சு விடும்மா, பாக்கறவங்க கண்ணுக்கு நிறைவா இருக்கணும்" என்பார் முதலாளி. அவளும் வரைந்தாள். வாங்கிப்போன ஒருவர் விஷயம் தெரிந்து கடைக்கு வந்து கத்தியபோது, முதலாளி கொஞ்சமும் கூசாமல் அவளைக் கைகாட்டினார். "எல்லாம் இந்தப் பொண்ணு பண்ணின வேலைங்க. எனக்கு எதுவும் தெரியாது." அன்றைக்கு வெளியே வந்தவளோடு ஆறாத கோபமும் வந்தது, ஒரு கட்டுப்பாடும் வந்தது. உடைந்த இடத்தைத் தவிர வேறெங்கும் தன் தூரிகை படக் கூடாது.

அந்தக் கட்டுப்பாட்டை நம்பித்தான் அருங்காட்சியகத்துக் காப்பாளர் அம்மா அவளுக்கு வேலை கொடுத்து வந்தார். இந்த முறை வந்தது ஒரு ஜோடி ஜாடி. இங்கிலாந்தில் செய்த பழம்பீங்கான். வரைந்தவன் தன் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கவே மாட்டான். வரைந்ததெல்லாம் சீன தேசம். வளைந்த கூரைகள், நீல மலைகள், ஒரு பாலம், குடை பிடித்து நடக்கும் பெண். கப்பலில் வந்த எதையோ பார்த்துக் காப்பியடித்திருக்கிறான். ஒரு ஜாடியில் எல்லாம் சரி. மற்றதில் குடைக்குக் காம்பு இல்லை. பெண்ணின் கை எதையோ பிடித்திருப்பதுபோல் மூடியிருக்கிறது, குடை தலைக்கு மேலே தன்பாட்டுக்கு மிதக்கிறது, நடுவில் வெறும் வெள்ளை. சாப்பாட்டு மணி அடித்ததோ, மேஸ்திரி கூப்பிட்டாரோ, எழுந்து போனவன் திரும்பி வந்து மறந்துவிட்டான்.

"இந்தக் குடையைப் பாக்கத்தான் ஆளுங்க வராங்க" என்றார் காப்பாளர் அம்மா. "இதோட உடைஞ்ச கழுத்தை மட்டும் ஒட்டிக் கொடுங்க. வேற யார் கையிலயும் இதைக் கொடுக்க எனக்கு மனசு வராது." வேலை முடிந்து வாங்கிப்போகும்போது ஊதா விளக்கை அடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். புதுப் பெயின்ட் எங்கே பட்டிருந்தாலும் அந்த வெளிச்சத்தில் காட்டிக் கொடுத்துவிடும். முழுசாக இருந்த இடத்தில் கைவைத்தவர்களுக்கு அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு கிண்ணம்கூட வராது.

கழுத்தை ஒட்டினாள். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்குமா? "குடைக்குக் காம்பு போடக்கூடத் துப்பில்ல, இவனெல்லாம் ஜாடி வரைய வந்துட்டான்!" என்று என்றைக்கோ செத்துப்போன அந்த வெள்ளைக்காரனைத் தினமும் வறுத்தெடுத்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கடைப் பலகைகளில் எழுத்து எழுதியவர். ஏணிமேல் நின்று, நூல் பிடிக்காமல், ஆளுயரத்துக்கு ஒரே இழுப்பில் கோடு போடுவார். அந்தக் கையைப் பார்த்துத்தான் அவள் அவரைக் கட்டிக்கொண்டதே. அப்புறம் நடுக்க நோய் வந்தது. டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டையில். சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட வேண்டும். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. போடும்போது பொத்தானை மட்டும் திட்டுவாள்.

காப்பாளர் அம்மா வருவதாகச் சொன்ன அன்று பார்த்து அவருடைய மாத்திரை தீர்ந்துவிட்டது. மருந்துக்கடையில் ஒரே கூட்டம். குறுக்கே புகுந்த ஒருத்தனை நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு, மாத்திரையோடு வீடு திரும்பினாள்.

பின்னறைக்குள் நுழைந்தாள். குடைக்குக் காம்பு இருந்தது.

கழுத்துக்காகக் குழைத்து மூடிவைத்திருந்த நீலம் திறந்து கிடந்தது. மேஜைக்கு முன்னால் கணவர். மணல் தட்டில் மணிக்கட்டை ஊன்றிய பள்ளம் அப்படியே இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"உனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சேன்னு... போட்டு முடிச்சிட்டேன்மா."

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க?"

"நீதானே தினமும் சொல்லிட்டிருந்த..."

"நான் ஆயிரம் சொல்லுவேன்! சொன்னா செஞ்சிடறதா? எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு நல்ல பேருதாங்க. அந்தம்மா வந்து விளக்கை அடிச்சா என் பொழப்பே போச்சு! ஆளாளுக்கு எனக்கு நல்லது பண்ணக் கிளம்பிடறீங்க!"

எவ்வளவு கோபத்திலும் அவள் வாயில் 'நீங்க' மட்டும் மாறாது. அதனால் திட்டு குறைந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய சிரிப்பு போய்விட்டது. கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவை பழையபடி ஆடத் தொடங்கின.

பெயின்ட் இன்னும் இறுகவில்லை. குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து ஒற்றினால் வந்துவிடும். இறுகிவிட்டால் சுரண்ட வேண்டும். சுரண்டினால் பழைய வர்ணமும் கூடவே போகும். அவசர அவசரமாக லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

கோட்டைப் பார்த்தாள்.

குடையின் அடியிலிருந்து பெண்ணின் கை வரைக்கும் முடி கனத்தில் ஒரே இழுப்பு. எங்கும் தடிக்கவில்லை, பிசிறில்லை, துளி நடுக்கமில்லை. இத்தனை வருஷமாக அவள் திரும்பப் பார்க்க ஏங்கிய கை, அவள் கடையில் எவனோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

வயிறு எரிந்தது. எவனோ ஒருத்தன் மறந்து விட்டதற்குக் கண்ணாடிப் பெட்டி, காவல், பார்க்க வருகிற கூட்டம். இந்த மனுஷன் சரியாகப் போட்ட ஒரே ஒரு கோட்டை ஆள் வருவதற்குள் துடைத்தாக வேண்டும். என்ன நியாயம் இது?

மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றினாள். பெண்ணின் விரல்களுக்குப் பக்கத்தில் பழைய சிவப்பு உதிரும் நிலையில் இருந்தது. அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குச்சி மாற்றிக் குச்சி எடுத்தாள். நீலமெல்லாம் பஞ்சுக்கு வந்து, குடை மறுபடியும் மிதந்தது. வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"ஏம்மா" என்று கூப்பிட்டார் அவர். "கண்ணும் இப்பல்லாம் சரியாத் தெரியறதில்ல. கோடு நேரா வந்துச்சா?"

பஞ்சுகளைக் குப்பையில் போடப் போனவள் நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அழுகை மேலேயும் கோபம் வந்தது.

"நேராத்தான் வந்துச்சு!" என்று கத்தினாள். "கோணலா இருந்திருந்தா நான் பாட்டுக்குத் திட்டிக்கிட்டே நிம்மதியா அழிச்சிருப்பேனே!"