அண்ணனின் கணக்கும் நாலு நிமிஷ அதிகாரியும்

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் அவளுக்கு ஐஸ்கட்டி என்று பெயர். பதினான்கு வருஷமாக அதே நாற்காலி, அதே ஹெட்போன். மறுமுனையில் யார் எப்படி அலறினாலும் அவள் குரல் ஒரு இழை கூட ஏறாது. "இடத்தைச் சொல்லுங்க. போன் நம்பர் சொல்லுங்க. பக்கத்துல யாரு இருக்காங்க?" எப்போதும் இதே வரிசைதான். கேட்டதற்கு மளமளவென்று பதில் சொல்கிறவர்களை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். எதற்குக் கேட்கிறீர்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று இழுக்கிறவர்களைக் கண்டால் ஆகாது. உயிர் ஊசலாடும்போது என்ன குறுக்கு விசாரணை என்பாள். இந்தப் பழக்கம்தான் ஒரு நாள் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

அவளுடைய அண்ணன் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறியவர். தொண்டை என்றால் அப்படி ஒரு தொண்டை. வீட்டில் உப்பு கேட்டாலும் ஏலம் மாதிரிதான் கேட்பார். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது. சொல்வதெல்லாம் புரியும், பதில்தான் வராது. எழுதினாலும் எழுத்துகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், 'தண்ணி' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் போதும் என்று வாரா வாரம் கெஞ்சுவாள். அவர் வாயைத் திறப்பார், முகம் சிவக்கும், காற்று மட்டும் வரும்.

மிச்சம் இருந்தது இடது கட்டைவிரலும் போனில் ஒரு விளையாட்டும். கடலுக்கு நடுவே ஒரு தீவு. அதில் சாலை போடலாம், வீடு கட்டலாம், படகு விடலாம். காலை ஷிப்ட் முடிந்து தன் வீட்டுக்கு வந்ததும், நாலு மணிக்கு அவளும் அந்தத் தீவுக்குள் நுழைவாள். அண்ணனின் பொம்மை ஓடிவந்து அவள் பொம்மையை இழுத்துக்கொண்டு போய், புதிதாகக் கட்டியதையெல்லாம் காட்டும். அவள் அசட்டுத்தனமாக ஒரு வீட்டைக் கரையோரம் கட்டினால், அவள் கண்ணெதிரிலேயே இடித்துத் தள்ளும். பழைய அண்ணன் அப்படியே அதற்குள் இருந்தார். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று முதலில் முகத்தைச் சுளித்த அண்ணிகூட, இப்போது மூன்றரைக்கே போனை சார்ஜில் போட்டுவிடுவாள். அந்த விளையாட்டுக் கணக்கு போனால் அண்ணனுக்கு இரண்டாவது தடவையும் வாய் போய்விடும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் தீவில் பாலத்தைக் காணோம். ஐந்து வாரம் ஒற்றை விரலால் கட்டிய பாலம். அண்ணனின் பொம்மை கரையிலேயே நின்றது, நகரவே இல்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை. திரையைப் படம் பிடித்து, அதில் அண்ணனின் ஆட்டக்காரர் எண் பளிச்சென்று தெரிவதைக்கூடக் கவனிக்காமல், விளையாடுகிறவர்கள் கூடும் பொதுப் பக்கத்தில் போட்டாள். 'என் அண்ணனின் பாலம் போய்விட்டது, யாராவது உதவுங்கள்.'

பத்து நிமிஷத்தில் தனிச்செய்தி வந்தது. விளையாட்டின் அதே சின்னம். பெயர், 'உதவிக் குழு, மூத்த அதிகாரி.' கணக்கின் மேல் மோசடிப் புகார் வந்திருக்கிறதாம். இருபது நிமிஷத்தில் நிரந்தரமாக அழிந்துவிடுமாம். அண்ணனின் மின்னஞ்சல் என்ன என்றான், சொன்னாள். போன் நம்பர் என்றான், அண்ணியின் நம்பரையும் சேர்த்துக் கொடுத்தாள். இப்போது அவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றான், அதையும் சொன்னாள். பதினான்கு வருஷமாக ஊர் உலகத்திடம் எப்படிப் பதில் எதிர்பார்த்தாளோ, அப்படியே மளமளவென்று சொல்லித் தொலைத்தாள்.

"உங்க அண்ணன் போனுக்கு ஆறு இலக்க எண் ஒண்ணு வரும். நான் அண்ணிகிட்ட பேசி வாங்கிக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்று செய்தி வந்தது. கவலைப்படாதே என்று சொன்ன கையோடு அடுத்ததும் வந்தது. "அண்ணி தயங்குறாங்க. இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு. அழிஞ்சுட்டா நாங்க பொறுப்பில்ல. சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க."

அவள் அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

மாரடைப்பு வந்தவரின் மனைவியிடம் பேசியிருக்கிறாள். தண்ணீர்த் தொட்டியில் விழுந்த குழந்தையின் தகப்பனிடம் பேசியிருக்கிறாள். நிஜமாகவே நாலு நிமிஷம்தான் இருந்த இடங்கள் அவை. ஒருத்தரிடமாவது 'இன்னும் இவ்வளவு நேரம்தான்' என்று சொன்னதுண்டா? சொன்னால் எதிரில் இருப்பவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. உதவ வருகிறவன் பதட்டத்தை இறக்குவான். இவன் ஏற்றிக்கொண்டே போகிறான். அதுவும் போகட்டும், பாலத்தைப் பற்றி இவன் ஒரு வார்த்தை கேட்டானா? வந்ததிலிருந்து சாவியைத்தான் கேட்கிறான். தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். பிறகு அண்ணனின் போனுக்கு அடித்தாள்.

அண்ணி எடுத்தாள். ஒரு காதில் இந்தப் போன், மறு கையில் தன் போனில், ஸ்பீக்கரில் அதிகாரி.

"அந்த அதிகாரி பேசிட்டுதான் இருக்காரும்மா. ரொம்ப மரியாதையான ஆளு. நீதான் நம்பர் குடுத்தேன்னார்."

"அண்ணி, அவன் திருடன். நம்பர் குடுத்தது என் முட்டாள்தனம். எத்தனை எண் சொன்னீங்க?"

"நாலு சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு இருக்கு. கண்ணாடி இல்லாம தடவித் தடவிப் படிக்கறேன்."

அந்தக் கண்ணாடி எங்கே தொலைந்திருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். குரல் ஏறவில்லை.

"அந்த எண்ணுக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

அண்ணி எழுத்துக் கூட்டினாள். "இதை... யாரிடமும்... எங்கள் ஊழியரிடமும்... சொல்லாதீர்கள்." "ஐயையோ."

அதிகாரிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அதுவரை தேன் ஒழுகிய குரல் மாறிவிட்டது. "அக்கா, வெட்டிக்கதை பேசாதீங்க! ரெண்டு நிமிஷத்துல எல்லாம் அழியப்போகுது. உங்க வீட்டுக்காரர் தீவு போனா பரவாயில்லையா? பேச முடியாத மனுஷன், பாவம் இல்லையா?"

"அண்ணி, கட் பண்ணுங்க. பதில் சொல்ல வேணாம்" என்று இவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அங்கே நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. எதுவோ கீழே விழுந்தது. அண்ணி, "ஏங்க, ஏங்க, மெதுவா" என்றாள். அண்ணன் எழுந்து, அண்ணி கையிலிருந்த, அதிகாரி பேசிக்கொண்டிருந்த போனை இடது கையால் பிடுங்கியிருந்தார்.

"போடா நாயே!"

சந்தை முழுக்கக் கேட்கிற அதே தொண்டை. தண்ணி வரவில்லை, அம்மா வரவில்லை, பெண்டாட்டி பெயர் வரவில்லை, இரண்டு வருஷம் கழித்து இதுதான் வந்தது. போன் தரையில் மோதிக் கட்டானது.

இந்தப் பக்கம் அவளுக்குக் கண் கலங்கித் திரை தெரியவில்லை. அங்கே அண்ணி வாய்விட்டு அழுதாள். "கேட்டியாம்மா? உங்க அண்ணன் பேசினாரு, கேட்டியா?"

"கேட்டேன் அண்ணி. அவன்கிட்ட நாலு எண் இருக்கு, மிச்சம் ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்ப்பான். முதல்ல கடவுச்சொல்லை மாத்தணும். கண்ணைத் துடைச்சிட்டு என்னை ஸ்பீக்கர்ல போடுங்க. விளையாட்டைத் திறந்தா அமைப்புகள்னு இருக்கும், அதைத் தொடுங்க."

"தொட்டேன்."

"கடவுச்சொல் மாற்றுன்னு இருக்கும்."

"இருக்கு."

மாற்றினார்கள். மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றினார்கள். விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் உண்மையான உதவிப் பக்கத்தைத் தேடி, பாலத்தைப் பற்றியும் அந்த அதிகாரியைப் பற்றியும் எழுதிப் போட்டார்கள். 'மூன்று நாட்களில் பதில் அளிப்போம்' என்று சாவகாசமாக ஒரு வரி வந்தது. அவசரப்படாத அந்த வரியைப் பார்த்ததும்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் அண்ணி.

"முடிஞ்சுது அண்ணி. இப்போ அழலாம்."